பிளேட் ரன்னர் ஆல்பம்: படம் இல்லாம கேட்டா எப்படி இருக்கு?

‘பிளேட் ரன்னர்’ங்கற ஹாலிவுட் படம் வந்தது 1982ல, ஆனா இசையமைப்பாளர் வான்ஜெலிஸோட ஒரிஜினல் மியூசிக் முறையா ஆல்பமா வந்தது 1994லதான், நடுவுல ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச வெர்ஷனை வெச்சுதான் ஜனங்க சமாளிச்சிருக்காங்க பாவம்.

நேத்து ராத்திரி லைட்டை அணைச்சிட்டு ஹெட்போன்ல முழுசா கேட்டேன். யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர்தான் இதுல ஹீரோ. அந்த கீபோர்டுல கட்டையை அமுக்கினப்புறமும் விரலோட அழுத்தத்தை கூட்டிக் குறைச்சா அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பொங்கும், நடுங்கும், அதனாலதான் சிந்த்னு தெரிஞ்சும் யாரோ மூச்சு விட்டு ஊதற மாதிரியே கேக்குது, ‘பிளேட் ரன்னர் புளூஸ்’ல ஒரு ஸ்வரம் லேசா வழுக்கி கீழ எறங்கும் பாருங்க, அங்க நான் பாஸ் பண்ணி மூணு தடவை திரும்பக் கேட்டேன். மேல ரிவெர்ப் (எதிரொலி) வேற, ஏதோ காலி மண்டபத்துல தனியா நிக்கற மாதிரி.

லவ் தீம்ல டிக் மோரிசி சாக்ஸபோன், அருமை, ஆனா கொஞ்சம் ஹோட்டல் லாபி வாசனை அடிக்குது (அடிக்க வராதீங்க).

கடுப்பு ஒண்ணுதான், பாட்டுக்கு நடுவுல படத்து வசனத்தை சொருகி வெச்சிருக்காங்க, நல்லா மூழ்கிட்டு இருக்கும்போது யாராவது பேச ஆரம்பிச்சிடறாங்க. கடைசி ‘டியர்ஸ் இன் ரெயின்’ல மட்டும் அந்தப் பேச்சே மியூசிக்கா ஆயிடுது, அதனால அதுக்கு மன்னிப்பு.

போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, பேஸ் (கனமான அடி சத்தம்) மொத்தமும் காணாம போயிடும்.