இரண்டாவது ரவுண்டு டயட்: பழைய பேலியோவா, 16:8-ஆ, அளந்த சோறா?

போன தடவை முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியது, இந்தத் தடவை இரண்டு வாரமாகியும் ஒரு கிலோ தாண்டவில்லை. டயட்டை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறவர்களிடம் பேசினால் இந்தப் புலம்பல் நிச்சயம் வரும். கூடவே அடுத்த கேள்வியும் வரும்: "இந்த டயட் இனிமேல் எனக்கு வேலை செய்யாதுபோல. வேற எதுக்காவது மாறிடட்டுமா?"

மாறலாம், தப்பில்லை. ஆனால் எதற்காக மாறுகிறோம் என்று தெரிந்து மாற வேண்டும். போன தடவை இறங்கிய அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலுமாகச் சுமார் அரை கிலோ மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று இருந்தவர் சட்டென்று நிறுத்தினால் அந்த இருப்பு கரையும், தண்ணீரும் போகும், மெஷினில் இரண்டு கிலோ குறையும். இரண்டாவது தடவை வருகிறவர் பெரும்பாலும் முழுச் சோற்றிலிருந்து வருவதில்லை. ராத்திரி சாதம் கிடையாது, காபிக்குச் சர்க்கரை கிடையாது என்று பழைய பழக்கம் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். இறங்குவதற்கு அவ்வளவு தண்ணீர் அவரிடம் இல்லை. அதனால் இந்தத் தடவையின் முதல் வாரத்தைப் போன தடவையின் முதல் வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். இரண்டாவது மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. 40 வயது, 170 செ.மீ. உயரம், நாற்காலி வேலை பார்க்கும் ஆண். முதல் தடவை 95 கிலோவில் ஆரம்பித்தார், இப்போது 85-ல் ஆரம்பிக்கிறார். வழக்கமான சூத்திரப்படி 95-ல் இருந்தபோது அவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,550 கலோரி செலவு, 85-ல் 2,400. இரண்டு தடவையும் 1,800 கலோரிதான் சாப்பிடுகிறார் என்றால் பற்றாக்குறை 750-லிருந்து 600 ஆகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால், வாரத்துக்கு 680 கிராம் இறங்கிய இடத்தில் இப்போது 550 கிராம் இறங்கும். குறைவுதான், ஆனால் நின்றுபோகிற அளவுக்கு இல்லை.

அதே ஆள் தெரியாமல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கூடுதலாக உள்ளே தள்ளினால்? கிட்டத்தட்ட 300 கலோரி. வாரத்துக்கு 270 கிராம்தான் இறங்கும். ஒரு நாள் ஊறுகாயும் அப்பளமும் கொஞ்சம் தூக்கலாகப் போனால் அந்த உப்பு பிடித்து வைக்கும் தண்ணீரிலேயே இது மறைந்துவிடும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதும் உண்டு, அதற்குள் 270 கிராமை எங்கே தேடுவது?

மெட்டபாலிசம் (உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம்) செத்துப்போச்சு என்று பலர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடல் செலவழித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் செய்தது அசுரத்தனமான பட்டினியும் பயிற்சியும். நம்மில் பலருடைய கதைக்கு நெருக்கமானது 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு. "1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தபோது மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. சாப்பாட்டைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வயதின் மேல் பழி போடுகிறவர்களுக்கு: 2021-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை கலோரிச் செலவில் பெரிய மாற்றமே இல்லை.

ஆக, எந்த முறை இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் பேலியோ, 16:8, அளந்த சோறு மூன்றையும் எடை போட வேண்டும்.

பழைய பேலியோவுக்கே திரும்புவது

அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டுக் கறி, முட்டை, கொட்டை, காய்கறி என்று சாப்பிடுவதுதான் பேலியோ. ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகத் தமிழ்நாட்டில் பரவிய அது பலருக்கு உண்மையாகவே கைகொடுத்தது. காலையில் 100 பாதாம், மதியம் முட்டை அல்லது காய்கறி, ராத்திரி கறி என்று பட்டியல் கையில் இருந்தது. யோசிக்க வேண்டியதில்லை, பசியும் அடங்கிவிடும். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பதில் கூடுதல் லாபம் உண்டு. அந்த விஷயத்தில் மற்ற இரண்டையும்விட இது ஒரு படி மேல்.

ஆனால் இரண்டாவது தடவை இதே பேலியோ வேறு ஆளாகிவிடுகிறது. முதல் தடவை பயத்தோடு பட்டியலை அப்படியே பின்பற்றியவர், இப்போது விவரம் தெரிந்தவர். "பேலியோவில் இது அலவ்டு" என்று பட்டர் டீ, சீஸ், பாதாம் மாவு கேக், தேங்காய் லட்டு என்று போகிறார். 100 பாதாம் என்பதே 120 கிராம் பக்கம் வரும், ஏறக்குறைய 700 கலோரி. முழுப் பாதாமில் எல்லாக் கலோரியும் உடம்பில் சேர்வதில்லை என்பது ஒரு நல்ல செய்தி. கொழுப்பு செல்சுவருக்குள்ளேயே சிக்கி ஒரு பங்கு வெளியேறிவிடும். ஆனால் நைஸாக அரைத்து பாதாம் வெண்ணெயாக்கினால் அந்தச் சலுகை போச்சு. பட்டர் டீயில் 30 கிராம் வெண்ணெய் போட்டால் இன்னொரு 200-க்கு மேல். கார்ப் (மாவுச்சத்து) பூஜ்யம்தான், கலோரிக் கணக்கில் மட்டும் பூஜ்யம் இல்லை.

கார்ப் குறைத்தால் கொழுப்பு தனி வேகத்தில் கரையும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, கார்பைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ இறங்கியது. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டத்திலுமே 30 கிலோ வரை இறங்கியவரும் இருந்தார், 10 கிலோ ஏறியவரும் இருந்தார்.

ஒரு எச்சரிக்கையைத் தாண்டிப் போக முடியாது. சர்க்கரைக்கு இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரி மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் கார்பை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறிப்போவது) ஆபத்து உண்டு. போன தடவை இந்த மாத்திரைகள் இல்லாமல் இருந்திருக்கலாம், இப்போது சேர்ந்திருக்கலாம். நடுவில் புரட்டாசி வந்தால் அசைவமும் போய், பனீரும் முந்திரியுமாக மாதம் ஓடும். எடை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

16:8

ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மீதி 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது. செலவு இல்லை, தனிச் சமையல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு மெல்லும் பழக்கம்தான் உங்கள் ஓட்டை என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 116 பேர் 12 வாரம் முயன்றார்கள். 16:8 இருந்தவர்களுக்கு ஒரு கிலோவுக்கும் கீழேதான் இறங்கியது, வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. 2022-ல் சீனாவில் 139 பேருக்கு இரண்டு பக்கமும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு வைத்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு போட்டார்கள். வருடக் கடைசியில் 8 கிலோவும் 6.3 கிலோவும்; அந்த இடைவெளியும் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. காலை டிபனை விட்டுவிட்டு மதியம் ஒரு கட்டு கட்டினால் கடிகாரம் என்ன செய்யும்?

அளந்து சாப்பிடும் வீட்டுச் சாப்பாடு

கேட்கவே சப்பென்று இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். தட்டை வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, வழக்கம்போலச் சோறு போடுங்கள். "நான் கொஞ்சம்தான் சாப்பிடுவேன்" என்கிறவர் தட்டிலும் 400 கிராம் காட்டுவது சாதாரணம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, ஆக 520. அதை 200 கிராமாக்கினாலே 260 மிச்சம். சோறு குறைந்த இடத்தில் இரண்டு முட்டை, மீன், கெட்டித் தயிர், சுண்டல் என்று ஏதாவது புரதம் வர வேண்டும். சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்ப்பவர்கள் கரண்டியில் எத்தனை பருப்பு வருகிறது என்று ஒரு தடவை பார்க்கட்டும்.

அடுத்து எண்ணெய். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதில்தான் பெரிய ஓட்டை. காலையில் அன்றைக்கான எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு, அதிலிருந்து மட்டும் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரிடம் பேச வேண்டியது இதைத்தான், சோற்றைப் பற்றி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரம் தண்ணீர் இறங்கும் குஷி கிடைக்காது. வீட்டில் கிண்டல் நடக்கும். கல்யாணப் பந்தியில் தராசு வைக்க முடியாது. ஆனால் எடை இறங்காத வாரத்தில் காரணம் எங்கே என்று மூன்றில் இதில்தான் தேட முடியும். மற்ற இரண்டிலும் "நான் ரூல்ஸ் எதையும் மீறலையே" என்பதோடு தேடல் நின்றுவிடும். ஒரு மாதம் அளந்தால் கண்ணே பழகிவிடும், தராசை அலமாரியில் வைத்துவிடலாம். சாப்பாட்டை எண்ணி எண்ணி ஏற்கெனவே மனம் வெறுத்துப் போனவர்களுக்கு மட்டும் இது வேண்டாம், 16:8 நிம்மதி.

எதை எடுத்தாலும் எடை தூக்கும் பயிற்சியைச் சேர்ப்பது நல்லது, தசை கரையாமல் இருக்கும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: புதிதாக ஜிம்முக்குப் போகும் முதல் சில வாரம் தசையில் தண்ணீர் கோத்து எடை ஏறிக்கூடக் காட்டும். டயட்டையும் ஜிம்மையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டு "இறங்கவே இல்லை" என்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகள் தனிக்கதை. அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடு பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை இறங்கியது. நிறுத்திய ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இந்த மூன்றோடு அதை நிறுத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அது டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது.

எடுத்ததற்கு நான்கு வாரம் கொடுங்கள். தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். கூடவே தொப்புள் மட்டத்தில் டேப் சுற்றி இடுப்பளவு. நான்காவது வாரச் சராசரி முதல் வாரத்தைவிட ஒரு கிலோ குறைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். எடையும் இடுப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால் சோற்றில் இன்னொரு 50 கிராமோ எண்ணெயில் ஒரு கரண்டியோ குறையுங்கள், டயட்டையே மாற்றாதீர்கள். அளந்து சாப்பிட்டும் இரண்டு மாதம் அப்படியே நின்றால் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிட்டு, எடை ஏற்றக்கூடிய மருந்து ஏதாவது உள்ளே போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்பதற்கு முன்னால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.