தேதி பொறிக்கும் மென்பொருளுக்கு மூவாயிரம் கொடுத்து ஏமாந்தேன்

நேற்றிரவு நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கேமராவில் எடுத்த படங்களின் மூலையில் தேதியும் நேரமும் பொறிக்க வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. மொத்தம் 1,846 படங்கள். ஒவ்வொன்றாகச் செய்ய முடியாது என்பதால் இதற்கென்றே விற்கும் ஒரு மென்பொருளைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். மூன்று படங்கள் வரை இலவசம், மொத்தமாகச் செய்ய மூவாயிரம்.

நம்பியது அந்த மூன்று படங்களால்தான். அன்று காலை எடுத்தவற்றை கேமராவின் அட்டையிலிருந்து நேரடியாகத் திறந்து சோதித்தேன். தேதி சரி, நிமிடம்கூடச் சரி. எழுத்தும் அழகாக, பழைய பிலிம் கேமராவில் வருமே, அந்த ஆரஞ்சு நிறத்தில். மறுயோசனையின்றி மூவாயிரத்தைக் கட்டினேன். முழுக் கோப்புறையையும் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் 1,846 படங்களிலும் ஒரே தேதி! போன மாதம் எல்லாவற்றையும் புது ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தேனே, அந்த நாள். ஆறு வருடப் படங்களும் ஒரே மாலையில், நாற்பது நிமிடங்களுக்குள் எடுத்தவையாம். காலமான அப்பா போன மாதம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. படம் எடுத்த நேரத்தை கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும், எக்ஸிஃப் என்பார்கள். 1995 முதல் இருக்கும் ஏற்பாடு. இந்த மென்பொருளோ அதைத் தொடவே இல்லை. கோப்பு உருவான தேதியை எடுத்திருக்கிறது. நகலெடுத்தால் அது மாறிவிடும். அட்டையில் இருந்த படங்களில் இரண்டும் ஒன்றாக இருந்ததால் சோதனையில் தப்பித்துவிட்டது.

அதோடு விட்டதா? கேட்காமலேயே மூலப் படங்களின் மேல் எழுதிவிட்டது. எக்ஸிஃப் விவரத்தையும் துடைத்துவிட்டது. ஐந்து எம்பி இருந்த படம் இப்போது ஒரு எம்பிகூட இல்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கலாம்" என்றார்கள். ஆறு வருடமும் ஒரே நாளைக் காட்டும் கடிகாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அடுத்த பதில்: "அமைப்புகளில் எக்ஸிஃப் தேதியைத் தேர்வு செய்யும் வசதி உள்ளது, நீங்கள் பார்க்கவில்லை." தேடினேன், இருக்கிறது, மூன்று பட்டியல்களுக்கு உள்ளே. மூவாயிரத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். உரிமக் குறியீட்டைப் பயன்படுத்திவிட்டதால் தர முடியாதாம். அடுத்த பதிப்புக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்! அதன்பின் எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதிலே இல்லை.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது: நகலில் மட்டும் பொறியுங்கள். நகலெடுத்து வைத்த பழைய படத்தில் சோதியுங்கள், அன்று எடுத்ததில் வேண்டாம். காசே கொடுக்காதீர்கள், இர்ஃபான்வியூ, இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டும் எக்ஸிஃப் தேதியைப் படித்து மொத்தமாகப் பொறிக்கும். கேமரா கடிகாரமே தவறாக இருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற இன்னொரு இலவச மென்பொருள் எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்தித் தரும். இவை தெரியாமல்தான் மூவாயிரம் அழுதேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் 1,630 படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அட்டையிலிருந்து நேராகப் புதியதற்கு மாற்றிவிட்டு, அட்டையையும் அழித்துவிட்ட 216 படங்களுக்கு வேறு பிரதி இல்லை. தங்கையின் குழந்தை பிறந்த முதல் வாரம் அது. எந்தப் படம் எந்த நாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதில் ஒன்றில் அம்மா குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். ஆரஞ்சு எண்கள் சரியாகக் குழந்தையின் பாதத்தின் மேல் விழுந்திருக்கின்றன. ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். தேதியோடு பாதமும் போய்விடுகிறது.