திராட்சைக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று காட்டுகிற, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற கைப்பிடி பிரிக்ஸ் மீட்டர். 0 முதல் 32 வரை அளவு, ரப்பர் பிடி, குட்டி ஸ்க்ரூ டிரைவர், ஒரு உறை. ஆன்லைனில் ஒரே பொருளைப் பல பெயர்களில் விற்கிறார்கள். எனக்கு வந்ததில் பெயரே இல்லை. ஏலகிரியில் அத்தனாவூரைத் தாண்டி எங்களுக்குச் சின்னதாக ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. எப்போது பறிப்பது என்று வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற சண்டையைத் தீர்க்கத்தான் இதை வாங்கினேன்.

நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இது புதுசில்லை. சர்க்கரை ஆலை ஆட்கள் வயலுக்கு வந்து கரும்புச் சாற்றில் பிரிக்ஸ் பார்ப்பது இதில்தான். இரண்டு சொட்டுச் சாற்றைக் கண்ணாடிமேல் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் பிரிகிற கோடுதான் எண். சர்க்கரை கூடக் கூட ஒளி அதிகமாக வளையும், அவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டவர்களும் முனையைத் திருகிக் கோட்டைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

முதலில் பூஜ்யம் பிடிக்க வேண்டும், அதாவது சுத்தமான தண்ணீரை விட்டுக் கோடு 0இல் நிற்கும்படி ஸ்க்ரூவைத் திருக வேண்டும். குடியாத்தத்து போர் தண்ணீரில் பிடித்தீர்கள் என்றால் உப்பையும் சேர்த்துப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். மெக்கானிக் கடையில் பேட்டரி தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், ஆசிட் அல்ல) ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல மாதம் வரும்.

இதன் பெரிய குறை பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது: வெப்பத்துக்கு ஏற்பத் தானாகத் திருத்திக்கொள்வது 10 முதல் 30 டிகிரி வரைதான். டிசம்பர், ஜனவரியில் கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் பழம் பறிக்கிற காலம் ஏப்ரல், மே. கத்திரி வெயிலில் வேலூரில் மத்தியானம் 40ஐத் தொடும், வீட்டுக்குள்ளேயே 30க்கு மேல். சாறு சூடானால் ஒளி வளைவது குறையும், அந்த நேரத்து எண்ணை நம்ப முடியாது. விடியற்காலையில் பழம் எடுத்து உடனே பார்ப்பதுதான் வழி. மலையில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரே ஒரு பழத்தைப் பிழிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குலையின் தோளில் இருக்கிற பழம் நுனிப் பழத்தைவிட இனிக்கும், வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் வித்தியாசம் வரும். பல கொடிகளில் அங்கொன்று இங்கொன்றாகப் பறித்து, கவரில் போட்டு நசுக்கிக் கலந்த சாற்றில் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் பார்க்கவே வேண்டாம்.

சரி, இந்த மீட்டர் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். குடியாத்தம் வீட்டு மாடியிலும் அதே வகைக் கொடி ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையில் இரண்டு இடத்துப் பழமும் 17 காட்டின. மாடிப் பழம் சப்பென்ற இனிப்பு. மலைப் பழத்தில் புளிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் என்பதால் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பழைய கண்ணாடிக் குழாயை, பியூரெட்டை, எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடை வைத்து அமிலத்தைப் பார்த்தேன். நாக்கு சொன்னதுதான் சரி. சூட்டில் பழம் புளிப்புத் தருகிற தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் அது தங்கும். மீட்டருக்கு இரண்டும் ஒரே 17.

என் தங்கை மகன் நியூசிலாந்தின் தெற்கே, சென்ட்ரல் ஒடாகோவில் ஒரு சிறு வைன் தோட்டத்தில் வேலை செய்கிறான். அங்கே பெரும்பாலும் பினோ நுவார் என்கிற கருந்திராட்சை. துளிர்விடும் பருவத்தில் உறைபனி விழும் என்று பெரிய பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு, சில இடங்களில் ஹெலிகாப்டரையே பறக்கவிட்டு, மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகிறார்களாம். அவர்களுக்குப் புளிப்பு தாராளம், இனிப்புதான் மெல்ல ஏறும். அதனால் பிரிக்ஸ் எண்ணுக்காகக் காத்திருப்பதில் அங்கே அர்த்தம் இருக்கிறது. “பெரியம்மா, நாங்களே எண்ணை மட்டும் பார்த்துப் பறிக்கிறதில்ல. விதையைக் கடிச்சுப் பாருங்க, பச்சை போய்ப் பழுப்பாகியிருக்கணும்” என்றான்.

ஏலகிரியை ஏழைகளின் ஊட்டி என்கிறோம். சுமார் 1,100 மீட்டர் உயரம், கீழே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. ஆனால் வைன்காரர்கள் குளிர்ப் பிரதேசம் என்பது கொடி வளர்கிற பருவத்துச் சராசரி 13 முதல் 15 டிகிரி இருக்கிற இடத்தை. நம் மலை அதன் கிட்டக்கூட வராது. இங்கே கொடி இலையுதிர்த்துத் தூங்குவதே இல்லை. கவாத்துக் கத்தரிதான் அதற்கு மார்கழி. பினோ நுவார் கன்று கிடைக்குமா என்று மலையில் என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பன்னீரே போதும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சொட்டு விடும் குழாய் உடைந்துதான் வந்தது; விற்றவர் பதிலே போடவில்லை, மருந்துக் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன். பார்த்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து வையுங்கள், சாறு காய்ந்தால் கோடு மங்கும். ஜவ்வாது மலைத் தேனில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என நினைத்து இதை வாங்காதீர்கள். தேன் 80 பக்கம் நிற்கும், இது 32லேயே முடிந்துவிடும். அதற்கு 58 முதல் 90 வரை காட்டுகிற மீட்டர் தனியாக விற்கிறது.