ஹுவாங்ஷான்: எந்த ரோப் காரில் ஏறுவது, எதில் இறங்குவது?

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் இருக்கும் ஹுவாங்ஷான் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ரயில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அடுத்து ஓட்டல். மலையில் எந்தப் பக்கமாக ஏறுவது என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான். மலைக்கு மூன்று பக்கத்திலிருந்து மூன்று ரோப் கார்கள் உண்டு: கிழக்கே யுன்கு, தெற்கே யூபிங், வடக்கே தாய்பிங். எதில் ஏறி எதில் இறங்குவது என்று தீர்மானித்துவிட்டால் எந்த ஸ்டேஷன், எந்த ஊரில் தங்கல், பெட்டியை எங்கே விடுவது எல்லாமே தானாக முடிவாகிவிடும்.

மூன்று ஸ்டேஷன்கள்

ஹுவாங்ஷான் என்ற பெயரில் மூன்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. குழப்பம் தொடங்குவது இங்கேதான். வெறும் ‘ஹுவாங்ஷான்’ என்பது துன்சி நகரில் உள்ள பழைய நிலையம். சாதாரண ரயில்களும் இரவு ரயில்களும் நிற்கும். ‘ஹுவாங்ஷான் வடக்கு’ என்பது 2015-ல் திறந்த அதிவேக ரயில் நிலையம். பெயரில் வடக்கு இருந்தாலும் மலைக்கு அது தெற்கே இருக்கிறது. ‘ஹுவாங்ஷான் மேற்கு’ 2024 ஏப்ரலில் திறந்தது. மலையின் வடக்கு வாசலுக்குப் பக்கம் அதுதான்.

ஷாங்காய் அல்லது ஹாங்சோவிலிருந்து வருகிறவர்களுக்கு வடக்கு நிலையமே சரி. 2018 டிசம்பரில் ஹாங்சோ பாதை திறந்தபின் ஹாங்சோவிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம், ஷாங்காயிலிருந்து ரயிலைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அங்கிருந்து மலையடிவாரமான தாங்கோவுக்கு பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். மாலையில் பஸ் சீக்கிரம் நின்றுவிடும். 5 மணிக்குமேல் இறங்கினால் டாக்ஸிதான் கதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிசோவ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும், ஜியுஹுவா மலையையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கும் மேற்கு நிலையம் பெரிய வசதி. ஆனால் அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு.

துன்சியில் விமான நிலையம் உண்டு. பெய்ஜிங், குவாங்சோ போன்ற தூர நகரங்களிலிருந்து வந்தால் மட்டும் யோசிக்கலாம். ஷாங்காயிலிருந்து வர அது தேவையே இல்லை.

துன்சியா, தாங்கோவா?

துன்சியில் பழைய கடைத்தெரு, நல்ல சாப்பாடு, குறைந்த வாடகை எல்லாம் உண்டு. ஆனால் அங்கிருந்து மலைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். துன்சியில் தூங்கி எழுந்து காலை பஸ் பிடித்தால் மலை உச்சியில் கால் வைக்கும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அதற்குள் குழுச் சுற்றுலா மொத்தமும் மேலே வந்துசேர்ந்திருக்கும். தாங்கோவில் பார்க்க ஒன்றுமில்லை, ஓட்டல்களும் கடைகளும்தான். ஆனாலும் மலையேறுவதற்கு முந்தைய இரவு தாங்கோவில்தான் தங்க வேண்டும். முதல் ஷட்டில் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கெல்லாம் மேலே இருக்கலாம். துன்சியைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனி வண்டியில் வந்தாலும் தாங்கோவிலேயே இறங்கி ஷட்டில் பஸ்ஸில்தான் ரோப் கார் நிலையத்துக்குப் போக வேண்டும். ஒரு வழிக்கு 19 யுவான். யுன்குவுக்கு ஒரு வரிசை, யூபிங் ரோப் காரின் அடி நிலையமான சிகுவாங்கேவுக்கு வேறொரு வரிசை. ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், மாறி ஏறினால் திரும்பத் தாங்கோ வந்துதான் மாற முடியும்.

யுன்கு, யூபிங், தாய்பிங்

சீசனில் ஒரு வழிக் கட்டணம் யுன்குவுக்கும் தாய்பிங்குக்கும் 80 யுவான், யூபிங்குக்கு 90. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலா 15 யுவான் குறைவு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

யுன்கு உங்களை பாய்யே முகட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து மலைமேல் உள்ள பெய்ஹாய் பகுதி ஓட்டல்கள் அரை மணி, நாற்பது நிமிட நடை. பாதையும் பெரும்பாலும் மிதமானது. சூரிய உதயம் பார்க்கும் சிங்லியாங் மேடை பக்கத்திலேயே இருக்கிறது. முதல் நாள், முதுகில் பையோடு, கால் இன்னும் பழகாத நிலையில் நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

யூபிங் உங்களை விடுவது வரவேற்புப் பைன் மரத்துக்கு அருகே. படங்களில் எல்லாம் வரும் மரம் அது. அதனாலேயே ‘அந்த மரம் முதலில்’ என்று இந்தப் பக்கமாக ஏறுகிறவர்கள் அதிகம். சிக்கல் அதன்பிறகு வரும். யூபிங்கிலிருந்து குவாங்மிங் உச்சிக்குப் போகும் பாதையில் நூறுபடி மேக ஏணியும் ஆமைச் சிகரமும் குறுக்கே நிற்கின்றன. செங்குத்தான கல்படிகள், ஓரிடத்தில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நுழையக்கூடிய பாறை இடுக்கு. கூட்ட நாளில் அங்கே வரிசை நகரவே நகராது. இதே பாதையை எதிர்த்திசையில், குவாங்மிங் உச்சியிலிருந்து யூபிங் நோக்கி நடந்தால் மொத்தத்தில் இறக்கம்தான். நடுவில் சில ஏற்றங்கள் மட்டும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடியும். ஆகவே யுன்குவில் ஏறி யூபிங்கில் இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் இந்த நடையையே விட்டுவிட்டு, யுன்குவில் ஏறி யுன்குவிலேயே இறங்குவது நல்லது. மரத்தைப் பார்க்க முடியாது. பெய்ஹாய், ஷிஹாய் காட்சிகள் முழுசாகக் கிடைக்கும்.

தாய்பிங் ரோப் காரின் அறை ஒவ்வொன்றும் நூறு பேரை ஏற்றும். இறங்குமிடம் பாய்யுன் மண்டபத்துக்கும் ஷிஹாய் பள்ளத்தாக்குக்கும் பக்கம். கூட்டமும் தெற்கைவிடக் குறைவு. இவ்வளவு இருந்தும் பலர் இதை எடுக்காததற்குக் காரணம் பெட்டி. தாங்கோ ஓட்டலில் பெட்டியை விட்டுவிட்டு வடக்கே இறங்கினால், அதை எடுக்க மலையைச் சுற்றி வர வேண்டும். மேற்கு நிலையத்தில் வந்து அங்கேயே திரும்புகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

நடந்தே ஏறலாமா?

கிழக்குப் படிகள், அதாவது யுன்கு பக்கம், சுமார் மூன்று மணி நேரம். மரங்களுக்கு நடுவே ஏறுவதால் காட்சி அதிகம் இல்லை. 80 யுவான் மிச்சம், அவ்வளவுதான். மேற்குப் படிகள், அதாவது சிகுவாங்கேயிலிருந்து யூபிங்குக்கு ஏறும் பக்கம், அழகானவை, ஆனால் கடுமையானவை. உண்மையான நடை எல்லாம் மேலேதான் இருக்கிறது. காலின் பலத்தை அதற்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இறங்கும்போது நடப்பது இன்னும் மோசம்: ஆயிரக்கணக்கான கல்படிகளில் உடல் எடை முழுவதும் முழங்காலில் விழும். மறுநாள் படியைக் கண்டாலே கால் நடுங்கும்.

தாமரைச் சிகரம் (1,864 மீட்டர், மலையில் மிக உயரமானது), தியான்து சிகரம் இரண்டையும் செடிகொடிகள் மீள்வதற்காகச் சில ஆண்டுகள் மாற்றி மாற்றி மூடிவைப்பார்கள். எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

ஷிஹாய் பள்ளத்தாக்கு

ஹுவாங்ஷானில் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறதென்றால் இதற்குக் கொடுங்கள். பாறைச் சுவரில் ஒட்டவைத்த பாதையில் பாய்யுன் மண்டபத்திலிருந்து கீழே இறங்கி, அடியிலிருந்து தண்டவாள வண்டியில் மலைமேல் உள்ள தியான்ஹாய்க்கு ஏறிவிடலாம். கட்டணம் 100 யுவான், மொத்தம் மூன்று நான்கு மணி நேரம். எதிர்த்திசையில் போனால் அந்த இறக்கம் முழுவதும் ஏற்றமாகிவிடும். நேரமில்லாதவர்கள் பள்ளத்தாக்குப் பாதையின் முதல் வளையத்தை மட்டும் சுற்றிவிட்டு மேலே வரலாம். ஒன்றரை மணி நேரம் போதும். பனிக்காலத்தில் பள்ளத்தாக்கும் வண்டியும் மூடியிருக்கும். மற்ற மாதங்களிலும் இறங்குமுன் வண்டி ஓடுகிறதா என்று மேலேயே கேளுங்கள். ஓடவில்லையென்றால் இறங்கிய அத்தனை படியையும் திரும்ப ஏற வேண்டியதுதான்.

ஒரே நாளா, ஓர் இரவு தங்கலா?

ஒரே நாளில் போய்வரலாம். ஆனால் பள்ளத்தாக்கு, யூபிங் பாதை இரண்டில் ஒன்றை விட வேண்டும். கடைசி ரோப் கார் மாலை நாலரை, ஐந்துக்குள் முடிந்துவிடும், அதற்கு முன்பே வரிசை நீண்டுவிடும். மேலே தங்குவது விலை அதிகம்: இரண்டு பேர் அறை சீசனில் எளிதாக ஆயிரம் யுவானைத் தாண்டும், அடுக்குக் கட்டில் அதைவிட வெகு மலிவு. அரிசி, காய்கறி எல்லாவற்றையும் சுமைகூலிகள் தோளில் தூக்கிப் படியேறிக் கொண்டுவருகிறார்கள். மேலே சாப்பாட்டு விலையும் அதற்கேற்றபடி இருக்கும். தண்ணீரும் பிஸ்கெட்டும் தாங்கோவிலேயே வாங்கிவிடுங்கள். மழை, மூடுபனி இங்கே சர்வசாதாரணம் என்பதால், இரண்டு நாள் இருந்தால் ஒரு பொழுதாவது மலை கண்ணுக்குத் தெரியும். அதற்காகவே இந்தச் செலவு தகும். உதயத்துக்குப் பெய்ஹாய் ஓட்டல்கள், அஸ்தமனத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் ஷிஹாய், பாய்யுன் பக்கம். குடை காற்றில் நிற்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு: நுழைவு 190 (குளிர்காலத்தில் 150), யுன்கு 80, யூபிங் 90, ஷட்டில் 38. ஆக ஒருவருக்கு 398 யுவான். பள்ளத்தாக்கு வண்டி சேர்த்தால் 498. முன்பதிவு பாஸ்போர்ட் எண்ணில்தான், அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். மே முதல் வாரத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

திரும்பும் ரயிலை மாலை 6 மணிக்குப் பிறகு போடுங்கள். காலை எட்டுக்குக் குவாங்மிங் உச்சியை விட்டால் பதினொன்று பதினொன்றரைக்கு யூபிங், வரிசை முடிந்து தாங்கோ வரும்போது இரண்டு மணி, பெட்டியை எடுத்து பஸ்ஸில் வடக்கு நிலையம் சேர மூன்றரை. காற்று பலமாகி ரோப் கார் நின்றுவிட்டால் யூபிங்கிலிருந்து சிகுவாங்கே வரை படியில் இறங்க இரண்டு மணி நேரம் கூடுதலாகும். அப்படி நடந்தால் டாக்ஸி பிடித்தாவது அந்த ரயிலை எட்டிவிடலாம்.