பதினான்கில் மிஞ்சிய ஐந்து: நான்கு வருடத் தோட்டப் பாட்காஸ்ட் அனுபவம்

நான்கு வருடத்துக்கு முன்னால் என் ஃபோனில் பதினான்கு தோட்டப் பாட்காஸ்ட்கள் இருந்தன. இன்று ஐந்துதான் இருக்கின்றன. நீக்கியவை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், சிலவற்றில் குரலே அவ்வளவு இனிமை. ஆனால் கேட்டு முடித்து மறுநாள் காலை தொட்டிப் பக்கம் போனால் என் கை எப்போதும்போலவே வேலை செய்தது. ஒரு கட்டத்தில் இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: கேட்ட வாரத்தில் ஏதாவது ஒரு செடியிடம் வேறு மாதிரி நடந்துகொண்டேனா? இல்லையென்றால் நீக்கம்.

செடி வளர்ப்பைக் காதால் கற்பது முதலில் எனக்குக் கோளாறான யோசனையாகவே பட்டது. இலையில் புள்ளி என்கிறார்கள். என்ன புள்ளி? பழுப்பா, கறுப்பா, நடுவில் ஓட்டை விழுந்ததா? ஒரு படத்தைக் காட்டினால் நொடியில் முடிகிற விஷயம். வீடியோ இருக்கும்போது எதற்கு இந்த வம்பு என்று எனக்கே தோன்றியிருக்கிறது. பிபிசி ரேடியோ 4-இன் 'கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்' கேட்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அதற்கு விடை கிடைத்தது.

பாட்காஸ்ட் என்ற சொல்லே பிறக்காத காலத்து நிகழ்ச்சி இது. 1947 ஏப்ரலில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஷ்டன்-அண்டர்-லைன் ஊரின் ஒரு விடுதியில் தொடங்கியது. போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு காய்கறி போட்டுப் பழகிய தலைமுறையின் சந்தேகங்களுக்காக வந்த நிகழ்ச்சி. வடிவம் இன்றும் ஏறக்குறைய அதேதான். குழு ஊர் ஊராகப் போகிறது, அரங்கில் இருப்பவர் எழுந்து கேட்கிறார், மேடையில் இருக்கும் வல்லுநர்கள் பதில் சொல்கிறார்கள். கேள்வி அவர்களுக்கு முன்கூட்டியே தெரியாது.

வானொலியில் எதையும் காட்ட முடியாது. அதனால் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. "என் செடி மஞ்சளாகிறது" என்று ஒருவர் சொன்னால் உடனே ஓர் உரத்தின் பெயர் வராது. மஞ்சளாவது அடியிலையா, கொழுந்தா? இலை முழுக்கவா, நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டுமா? தொட்டியா, தரையா? கடைசியாக எப்போது தொட்டி மாற்றியது? இந்த வரிசையை வாரா வாரம் கேட்டதில் அது எனக்கும் தொற்றிக்கொண்டது. நைட்ரஜனும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும், எனவே முதலில் வெளுப்பது அடியிலை. இரும்புச்சத்து அப்படி எளிதில் நகராது, அதனால் கொழுந்து வெளுக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் எத்தனை வருடம் எல்லா மஞ்சளுக்கும் ஒரே உரத்தைக் கொட்டியிருக்கிறேன்!

வல்லுநர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இடங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். ஒருவர் ஒட்ட வெட்டச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் ஐயோ தொடாதீர்கள் என்பார். இரண்டு பேரும் பல வருடம் மண்ணில் கைவைத்தவர்கள். அப்படியானால் வெட்டுவதா வேண்டாமா என்று முதலில் எரிச்சல் வரும். அப்புறம்தான் புரிந்தது, இருவரும் வேறு வேறு மண்ணையும் வெயிலையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

வெயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. பெயர் பெற்ற தோட்டப் பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தயாராகின்றன. 'கடைசி உறைபனி', 'மண்டலம் 6', 'எச்4 வகைச் செடி' என்று சரளமாக வரும். அமெரிக்க வேளாண்துறையின் மண்டல வரைபடம், ஓர் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்து 13 மண்டலங்களாகப் பிரித்தது, 2023-இல் புதுப்பித்தார்கள். பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி (ஆர்.எச்.எஸ்) எச்1 முதல் எச்7 வரை என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டுமே செடி குளிரைத் தாங்குமா என்று மட்டும்தான் சொல்லும். வெயிலைத் தாங்குமா, அடைமழையில் வேர் அழுகுமா என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. உறைபனியே விழாத இடத்தில் செடி வைத்திருப்பவர் இதைக் கேட்டு மிரள வேண்டாம். நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: அவர்கள் மாதத்தைச் சொன்னால் அதை எழுதாமல், அந்த மாதத்தில் அங்கே என்ன நிலை என்பதை எழுதுவேன். 'மே மாதம் நடவும்' என்பது என் குறிப்பேட்டில் 'மண் சூடேறிய பிறகு நடவும்' என்று மாறும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு மாதமே தலைகீழ் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இரண்டாவது, ஜோ லாம்பிள் நடத்தும் 'ஜோ கார்டனர் ஷோ'. 2017-இல் தொடங்கியது, அமெரிக்கர், இயற்கை முறைத் தோட்டம். எபிசோடுகள் நீளம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். எப்படிச் செய்வது என்பதோடு ஏன் செய்வது என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். அதன் அருமை எனக்குத் தெரிய ஒரு தக்காளிப் பயிர் பலியாக வேண்டியிருந்தது.

வேறொரு பாட்காஸ்ட், பெயர் வேண்டாம், எப்போதோ நீக்கிவிட்டேன். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள் என்று அதில் அடித்துச் சொன்னார்கள். ஊற்றினேன். அடுத்த கொத்து இன்னும் மோசமாக அழுகியது. அளவு போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஊற்றினேன். அந்த அழுகல் காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், ஒருநாள் வெள்ளமும் நாலுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதால் காய்வரைக்கும் போகாது. எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அது அளவுக்கு மீறினால் வேர் கால்சியத்தை எடுப்பதற்கே போட்டியாக நிற்கும். அதாவது நோயை நானே ஊட்டி வளர்த்திருக்கிறேன். உப்பை நிறுத்தி, மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே அளவில் தண்ணீர் விட்டதும் பின்னால் வந்த காய்கள் தேறின.

'ஏன்' சொல்லாத குறிப்பை அதன் பிறகு நான் எடுத்துக்கொள்வதே இல்லை. தோட்டக்கலையில் நிலவும் நம்பிக்கைகளை ஆய்வுகளோடு ஒப்பிட்டு உடைப்பவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட். அவர் விருந்தினராக வரும் எபிசோடு எந்தப் பாட்காஸ்டில் கிடைத்தாலும் விடாதீர்கள். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நானும் சத்தியம் செய்த ஆள்தான். உண்மையில், நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர் அந்த மண் முழுதாகத் தோயும்வரை பெரிய ஜல்லிக்குள் இறங்காது. ஈரம் ததும்பும் பகுதி ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், வேருக்கு இடம் குறையும். நம்பிக்கை வராவிட்டால் சமையலறை ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். மண் ஆழம் கூடினால்தான் வடிகால் கூடும். அன்று மாலை பதினொரு தொட்டிகளைக் கவிழ்த்து ஜல்லியை எடுத்தேன். "என்ன சார், வீடு மாத்துறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாவது, மார்கரெட் ரோச்சின் 'எ வே டு கார்டன்'. பத்திரிகை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத் தோட்டத்தில் குடியேறியவர். 2010-இலிருந்து ராபின் ஹூட் ரேடியோ என்ற குட்டி நிலையத்தோடு சேர்ந்து நடத்துகிறார். எபிசோடு அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் ஒரு விருந்தினர், ஒரே தலைப்பு. கென் ட்ரூஸ் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் அடிக்கடி வந்து நேயர் கேள்விகளுக்கு அவருடன் சேர்ந்து பதில் சொல்வார். இரண்டு பழைய நண்பர்கள் வாசலில் உட்கார்ந்து வம்பளப்பது போலிருக்கும். உரையாடலின் எழுத்து வடிவத்தையும் வெளியிடுகிறார்கள். வேகமான ஆங்கில உச்சரிப்பில் தடுமாறும் என் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. கேட்கும்போது நழுவிய செடிப் பெயரை அப்புறம் படித்துப் பிடித்துக்கொள்ளலாம்.

பூச்சியியல் அறிஞர் டக் டாலமியை நான் முதலில் கேட்டது இங்கேதான். கரோலினா சிக்கடி என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குருவி. ஒரு ஜோடி ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்க 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வேண்டும் என்கிறார் அவர். அதைக் கேட்டபோது என் கையில் வேப்ப எண்ணெய்த் தெளிப்பான் இருந்தது. எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்த புழுக்களைக் குறிவைத்து நின்றிருந்தேன். தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டேன். நாலு கிளை மொட்டையானது உண்மை. செடி சாகவில்லை, ஒரு மாதத்தில் மறுபடி துளிர்த்தது.

வீட்டுக்குள் செடி வைத்திருப்பவர்களுக்கு ஜேன் பெரோனின் 'ஆன் தி லெட்ஜ்'. முன்பு கார்டியன் நாளிதழில் தோட்டப் பகுதியைக் கவனித்தவர். இதில் வரிசையாக எல்லாவற்றையும் கேட்க வேண்டிய அவசியமில்லை; பழைய எபிசோடுகளில் உங்கள் செடி எங்கே வருகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்து கிளம்பி மூக்கைச் சுற்றும் அந்தச் சின்னக் கறுப்புக் கொசுக்களோடு நான் ஒரு வருடம் போராடினேன். மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கி வைத்து, ஒட்டியவற்றை எண்ணிச் சந்தோஷப்படுவேன். அட்டையில் ஒட்டுவது பறக்கும் பருவம் மட்டும்தான். புழு, ஈரமான மேல்மண்ணில் பத்திரமாக இருக்கும். மேல்மண்ணைச் சில நாள் நன்றாகக் காயவிட்டு, அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்ட பிறகே தொல்லை குறைந்தது.

ஐந்தாவதைத் தோட்டப் பாட்காஸ்ட் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். மேட் கேண்டியாஸ் நடத்தும் 'இன் டிஃபென்ஸ் ஆஃப் பிளாண்ட்ஸ்' முழுக்கத் தாவரவியல். ஆய்வாளர்களை அழைத்துப் பேசுவார்: பச்சையமே இல்லாமல் பூஞ்சையை நம்பிப் பிழைக்கும் செடி, பூச்சியை ஏமாற்றி மகரந்தம் கடத்தும் ஆர்க்கிட். உரம் போடுவது பற்றி ஒரு வார்த்தை வராது. என் அளவுகோலில் இது என்றோ தோற்றிருக்க வேண்டும். ஆனாலும் நீக்க மனம் வரவில்லை. களை பிடுங்கும்போது இதைக் கேட்டால் பிடுங்கும் களையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது, அதையும் மாற்றம் என்றே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சந்தா இல்லாமல் அவ்வப்போது எட்டிப்பார்ப்பவையும் உண்டு. ஜெனிஃபர் ஜூவலின் 'கல்டிவேட்டிங் பிளேஸ்' நிதானமான, ஆழமான உரையாடல். அதற்கு வேண்டிய பொறுமை எனக்கு எல்லா நாளும் வாய்ப்பதில்லை. 'தி டெய்லி கார்டனர்' தாவரவியல் வரலாற்றைத் துணுக்குகளாகத் தருகிறது. 'கார்டனிங் வித் தி ஆர்.எச்.எஸ்' பருவத்துக்கேற்ற வேலைகளுக்கு நம்பகமானது, குளிர்நாட்டுக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம். ஒரு காதில் மட்டும் கருவி மாட்டுங்கள். மற்றக் காதுக்குத் தேனீயும் கேட்க வேண்டும், குழாய் திறந்து கிடப்பதும் கேட்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் லத்தீன் பெயர்கள் கரைந்துபோகும், அந்தப் பெயர்களை விட்டுவிட்டால் பிறகு தேடவே முடியாது. ஒரே பொதுப்பெயரில் நாலு செடி இருக்கும், லத்தீன் பெயர் ஒன்றுதான். மண் அப்பிய கையால் திரையைத் தொட முடியாது என்பதால் நான் தொட்டிகளில் செருகும் பிளாஸ்டிக் பட்டையிலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். பென்சில் எழுத்து மழையில் அழியாது, பேனா அழிந்துவிடும். விளம்பர விஷயத்தில் ஒன்று: தொகுப்பாளரே தன் குரலில் ஒரு மண்கலவையைப் புகழ்ந்துவிட்டு அதே மூச்சில் மண்கலவை பற்றி அறிவுரை சொன்னால், அந்த எபிசோடை அங்கேயே நிறுத்திவிடுவேன். நீக்கிய ஒன்பதில் மூன்று இப்படிப் போனவை.

இப்போது என் செம்பருத்தியில் மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. ஐந்து பாட்காஸ்ட்களின் பழைய எபிசோடுகளிலும் தேடியாயிற்று, நேரடியான பதில் அகப்படவில்லை. பட்டையில் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: மொட்டு உதிரும் நாள், அன்றைய வெயில், மண்ணின் ஈரம், மொட்டைப் பிளந்தால் உள்ளே புழு உண்டா இல்லையா. இன்றோடு பதினாறு நாள், புழு இல்லை.