யமஹா 703 கன்ட்ரோல் பாக்ஸ்: மலை ஏரிப் படகுகளுக்கு எப்படி?

பின்புறம் வெளியே மோட்டார் மாட்டிய சின்னப் படகுக்கு (அவுட்போர்டு) கியரையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே லீவரில் தருகிற பக்கவாட்டுப் பெட்டி வேண்டுமென்றால் யமஹா 703-ஐத் தயங்காமல் வாங்கலாம். நீலகிரியின் பைக்காரா நீர்த்தேக்கம் மாதிரி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற தண்ணீருக்கும் இதுவே போதும். ஆனால் மலையில் "பெட்டி போச்சு, மாத்திடலாம்" என்று கழற்றி வைக்கிற பெட்டிகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். கோளாறு, பெட்டியை மோட்டாரோடு இணைக்கும் கேபிளிலோ மோட்டாரின் ஐடிலிங்கிலோ (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) இருக்கும். அதைப் பார்க்காமல் புதுப் பெட்டி போட்டால் பழைய தொல்லை அப்படியே தொடரும்.

இயக்கம் எளிது. கைப்பிடிக்கு அடியில் உள்ள பூட்டை மேலே இழுத்தால்தான் லீவர் நியூட்ரலை விட்டு நகரும். முன்னால் தள்ளினால் பார்வர்டு, பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். சுமார் 35 டிகிரி வரை கியர் மட்டும்தான் விழும். அங்கே கையில் ஒரு தடை தட்டுப்படும். அதைத் தாண்டின பிறகே ஆக்ஸிலேட்டர் திறக்கும். இந்த வரிசை பிசகாமல் நடப்பதுதான் இந்தப் பெட்டியின் பெரிய பலம்.

பழுது என்று தோன்றி ஏமாற்றுகிற இடங்கள் இரண்டு. குளிரில் ஸ்டார்ட் செய்ய, கியர் போடாமலே ஆக்ஸிலேட்டரை (த்ராட்டில்) மட்டும் திறக்கும் நியூட்ரல் த்ராட்டில் என்ற சின்ன லீவரைத் தூக்குவார்கள். அது தூக்கியபடியே இருந்தால் பெரிய லீவர் அசையாது. பலத்தைக் காட்டி இழுத்து உள்ளே பல்லை உடைக்காதீர்கள், சின்ன லீவரை இறக்கிவிட்டாலே போதும். அடுத்தது, சாவி போட்டும் செல்ஃப் சுற்றாமல் இருப்பது. பேட்டரியைக் குறை சொல்லும் முன் லீவர் சரியாக நியூட்ரலில் நிற்கிறதா என்று பாருங்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க உள்ளே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

லீவர் நிஜமாகவே இறுக்கமாக இருந்தால் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. முதலில் சாவியையும் என்ஜினை அணைக்கும், கயிற்றோடு உள்ள கில் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். மோட்டார் பக்கம் கியர் கேபிளையும் த்ராட்டில் கேபிளையும் அவை மாட்டியிருக்கும் 'பின்' என்ற முளையிலிருந்து கழற்றி, லீவரை ஆட்டுங்கள். லேசாகப் போனால் கோளாறு மோட்டார் பக்கத்து இணைப்புகளில். இன்னும் இறுக்கமாக இருந்தால் பெட்டிப் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி, உள்கம்பியைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். கம்பி சிக்கினால் கேபிள். கம்பி வழுக்கிக்கொண்டு போனால்தான் பெட்டி. மோட்டார் பக்கத்துக் கியர் லீவரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரை இன்னொருவர் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது கியரைப் பிடித்துக்கொள்ளும் டாக் கிளட்ச்சின் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். அதைப் பார்த்து கியர் விழவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

கேபிளுக்கு வருவோம். உள்கம்பிக்கு மூன்று இஞ்ச் ஓட்டம்தான், அந்த மூன்று இஞ்சில் எங்கே சிராய்த்தாலும் கைக்குத் தெரியும். நல்ல தண்ணீர் என்பதால் இங்கே உப்பு அரிப்பு இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் உறையின் வெடிப்பு வழியாக ஈரத்தை உள்ளே விட்டுவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் அந்த ஈரம் இறுகி லீவர் அசைய மறுக்கும். வெயில் ஏறினதும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும். மதியம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்துவிட்டது. எண்ணெய் விட்டு மீட்க முடியாது. ஆலையிலேயே மசகு போட்டு மூடிய கேபிள் அது. வெளியே தெரிகிற முனைக் கம்பிக்கு மட்டும் மரைன் கிரீஸ் தடவுங்கள். வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பெட்டியிலிருந்து படகின் ஓரமாகவே மோட்டார் நடு வரை அளந்து, மோட்டார் திரும்புவதற்கான வளையத்துக்கு 4 அடி கூட்டி நீளம் சொல்லுங்கள்.

மாட்டும்போது: லீவர் நியூட்ரலில், மோட்டாரும் நியூட்ரலில், அதாவது புரொப்பல்லர் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுற்ற வேண்டும். கேபிள் முனையைத் தள்ளி இழுத்து, அதன் தளர்வின் நடுவில் துளை அந்த 'பின்' முளைக்கு நேராக வரும்படி, கேபிள் முனையில் மரையில் ஏறும் ஜாயின்ட்டைத் திருகுங்கள். மரை குறைந்தது 8 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். பிறகு லாக் நட், கிளிப். த்ராட்டில் கேபிளை, மோட்டாரின் ஐடில் ஸ்டாப்பரில் முழுதாக மூடி நிற்கும்படி வையுங்கள். கொஞ்சம் திறந்திருந்தாலும் கியர் விழும் முன்பே என்ஜின் சீறும், பற்கள் அரையும். வெளிநாட்டு மாதிரிக் கேபிள்களில் முனை 10-32 என்ற இஞ்ச் அளவு மரையில் வரும். கடையில் கிடைக்கிற எம்5 (5 மில்லிமீட்டர்) நட் அதில் ஏறிவிடும், ஆனால் ஆட்டம் இருக்கும், அதிர்வில் கழன்றுவிடும். தயவுசெய்து போடாதீர்கள்.

கியர் விழும்போது 'டமார்' என்று அடிக்கிறதா? கார்புரேட்டர் மோட்டாராக இருந்தால் காரணத்தை ஏரி இருக்கும் உயரத்தில்தான் தேட வேண்டும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் கலவை கெட்டியாகி, பிளக் கரி பிடித்து, ஐடிலிங்கில் என்ஜின் அணையப் பார்க்கும். உடனே ஐடில் ஸ்குரூவை ஏற்றிவிடுகிறார்கள். வேகமாகச் சுற்றும் கியரில் டாக் கிளட்ச் போய் மோதும். பல் முனை மழுங்கும். நாளடைவில் போட்ட கியர் தானாக விடுபட்டுவிடும். சரியான வைத்தியம், அந்த மாடலின் மேனுவல் சொல்கிறபடி உயரத்துக்கேற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) போட்டு, ஐடிலிங் கலவைக்கான பைலட் ஸ்குரூவைச் சரிசெய்து, ஐடிலிங்கை மேனுவல் எண்ணுக்கே இறக்குவது. ஓட்டுகிறவரும் லீவரை மெல்ல மெல்ல நகர்த்தாமல் ஒரே தள்ளாகப் போட வேண்டும்.

கையை எடுத்தால் வேகம் தானாகக் குறைகிறது என்பது சின்ன விஷயம்: த்ராட்டில் உராய்வு ஸ்குரூவை வலப்பக்கம் கொஞ்சம் திருகுங்கள். அதிகம் இறுக்கினால் அவசரத்தில் லீவர் திரும்பாது.

குறை என்றால், வாங்கும்போது வரும் குழப்பம்தான். ஒயர் கனெக்டர் 7 பின், 10 பின் என்று இரண்டு வகை. மோட்டாரைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். த்ராட்டில் தள்ளினால் திறக்கும் மோட்டாரா, இழுத்தால் திறக்கும் மோட்டாரா என்பதையும் கடையில் சொல்லுங்கள். மரைன் சாமான்கள் கொச்சி, சென்னை மாதிரி கடலோர ஊர்களிலிருந்துதான் மலையேறி வர வேண்டும். அதனால் சீசன் தொடங்கும் முன்பே சரியான நீளத்தில் கியருக்கு ஒன்று, த்ராட்டிலுக்கு ஒன்று என இரண்டு கேபிள்களை, சுருளை இறுக்காமல், ஈரம்படாத இடத்தில் வாங்கி வைத்துவிடுங்கள்.