பளபளப்புத் தாளுக்கு டை மையா, பிக்மென்ட் மையா?

இன்க்ஜெட் பிரிண்டரில் ஃபோட்டோ அச்சிடும்போது, டை மை (கரைந்த சாயம்) தாளின் பூச்சுக்குள் ஊறிவிடும். மினுமினுப்பு அப்படியே நிற்கும். பிக்மென்ட் மையின் நுண்ணிய நிறத் துகள்களோ மேலேயே தங்கிவிடும். படத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: மை விழாத வெள்ளை ஒரு மாதிரியும் கறுப்பு வேறு மாதிரியும் மின்னும், சில கோணங்களில் கறுப்பில் செம்பு நிறம்கூடத் தட்டும். இதைச் சரிக்கட்டத்தான் கேனான் புரோ-300 பிரிண்டர், தன் 10 கார்ட்ரிட்ஜில் ஒன்றை குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமில்லாத திரவத்துக்கு ஒதுக்குகிறது. புரோ-200-இல் 8 கார்ட்ரிட்ஜுமே டை மை, அந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் நுண்துளைப் பூச்சுள்ள தாளில் அச்சிட்ட டை மைப் படத்தைக் கண்ணாடி போடாமல் மாட்டினால், காற்றிலுள்ள ஓசோனே நிறத்தைத் தின்றுவிடும். பிக்மென்ட் அவ்வளவு லேசில் மங்காது. ஆல்பத்துக்கு டை போதும். சுவருக்கு என்றால் நான் பிக்மென்ட்தான் எடுப்பேன். அப்புறம், பிக்மென்டில் பளபளப்புத் தாளுக்கு ஃபோட்டோ பிளாக் என்ற கறுப்பு மைதான் சரி. மினுமினுப்பில்லாத தாளுக்கான மேட் பிளாக் இதில் சரியாக ஒட்டாது, தேய்த்தால் விரலோடு வந்துவிடும்.